பம்பு மூடியில் வைத்த ஒரு சொட்டுப் பால்

என் உயிரான ராமையா அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. இனி உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று அண்ணி கேட்கிறாள். இருந்தாலும் எழுதுகிறேன். பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன், நாலு பேர் படிக்கட்டும். நீ உயிரோடு இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் நல்ல சேதி. போன வாரம் நம் பக்கத்தை வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். ஊரடங்கு இல்லை, கேட்டில் சோதனை இல்லை. செமிலிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் பால் டின்னில் ஓட்டை குத்தாமல் முழு டின்னாகக் கையில் கொடுத்தார். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு, அதுதான் காட்டுக்காரர்களுக்கு, சேர்த்து வைத்துவிடுவோம் என்று இத்தனை வருஷம் ஓட்டை டின்னாகவே வாங்கியவளுக்கு அதை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. கடையிலேயே சிரித்துவிட்டேன்.

அண்ணே, அந்தப் பழைய பம்பு உனக்கு நினைவிருக்கிறதா? நான் என்ன கேள்வி கேட்கிறேன், நீ மறப்பாயா?

நம் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டபோது ஆறு வெளியே போய்விட்டது. பெண்கள் நாங்கள் வாளியோடு கேட்டில் வரிசை பிடித்து, காவலர்கள் தொட்டுத் தடவிச் சோதித்த பிறகுதான் தண்ணீருக்குப் போக முடியும். அந்த அவமானத்தை உன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. துரையிடம் போய்க் கெஞ்சினாய். கரங்கானில் மூடிப்போன ஈயச் சுரங்கம் ஒன்றிலிருந்து பெட்ரோல் பம்பு வந்தது. பெண் அழைத்து வருகிற மாதிரி லாரியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாய். யாரையும் தொடவிடவில்லை. "வள்ளி, தள்ளி நில்லு. இது மிஷினு, ஆட்டுக்கல்லு இல்ல" என்று என்னிடமே அதட்டினாய்.

பத்து நாள் நன்றாகத்தான் ஓடியது. ஆற்றங்கரைப் பம்பிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வேலிக்குள் வந்தது. பெண்கள் உன்னைக் கும்பிடாத குறை. பதினோராம் நாள் ஆரம்பித்தது வினை. கயிற்றைச் சுண்டினால் ஓடும். இரண்டு பீப்பாய் நிறைவதற்குள் இருமி இருமி நின்றுவிடும். நீ மூடியைத் திறந்து பார்ப்பாய், பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டுச் சுண்டுவாய், ஓடும். திரும்பவும் இருமல். பிளக்கைக் கழற்றிச் சுரண்டினாய். குழாயை வாயால் உறிஞ்சி, பெட்ரோலை விழுங்கி, ஒரு நாள் முழுக்க ஏப்பம் விட்டாய். கார்புரேட்டரைப் பிரித்துச் சாக்கில் பரப்பிக் கழுவி மாட்டினாய். ஒன்றும் நடக்கவில்லை.

பம்பு நின்றால் பம்புதானே என்று இருக்க அது காலமா? பெட்ரோல் காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமோ என்று காலையிலும் சாயங்காலமும் போலீஸ் சார்ஜன் குச்சி விட்டு அளந்துகொண்டிருந்தார். நீயோ நாளெல்லாம் காட்டோரம் தனியாக நின்றாய். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நேத்து வரைக்கும் ஓடுனது இன்னிக்கி எப்படிலா நிக்குது? யாரு வர்றதுக்காக நிறுத்திட்டு நிக்கிறே?"

"ஐயா, சத்தியமா அது தானா நிக்குது."

"சனிக்கிழமை துரை வர்றாரு. அன்னிக்கும் தானா நின்னுச்சுன்னா, நீ சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனுக்கு வா, அங்க பேசிக்கலாம்."

ஸ்டேஷனுக்குப் போனவர்கள் கதை நமக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவரை அங்கிருந்தே இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே நின்றார்கள். அப்போது அண்ணிக்கு ஏழு மாதம்.

வெள்ளிக்கிழமை ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது உன்னைப் பார்க்க ஆற்றங்கரைக்கு வந்தேன். பம்பு அப்போதுதான் நின்றிருந்தது. நீ மூடியைத் திருகினாய். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். மிஷின் சத்தத்தில் அடைத்துப்போன உன் காதுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. என் கண் நேராக அந்த மூடிக்குப் போனது.

ஏனென்றால் அந்த மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. மிஷின் குலுங்கும்போது அது வழியாகப் பெட்ரோல் தெறித்தது. சாயங்காலம் குச்சியில் அளவு ஒரு நூல் குறைந்தால் சார்ஜன் உன்னைத்தானே முறைக்கிறார் என்று, பத்தாம் நாள் நீ அந்தப் பக்கம் போயிருந்தபோது, என் வாளியிலிருந்து ஒரு சொட்டு ரப்பர் பாலைத் தொட்டு அதில் வைத்துவிட்டேன். ஓட்டை வாளி, சைக்கிள் டியூப், கிழிந்த சப்பாத்து, எல்லாவற்றுக்கும் நாம் வைக்கிற மருந்து அதுதானே? நல்லது செய்துவிட்ட பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

கடையில் ஒற்றை ஓட்டை குத்தித் தருகிற பால் டின்னைக் கவிழ்த்தால் பால் சரியாக இறங்காது. காற்றுப் போக இன்னொரு ஓட்டை நாமே குத்துவோம். தினமும் இதைச் செய்கிறவளுக்கு, மூடியின் துளையும் காற்றுக்குத்தான் என்று அந்த 'உஸ்' கேட்கும் வரை உறைக்கவில்லை, பார்!

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சார்ஜன் துப்பாக்கியோடு பத்தடியில் நின்றார். "நான்தான் அடைத்தேன்" என்று சொன்னால் அடுத்த கேள்வி "யார் சொல்லி அடைத்தாய்?" என்பதுதான். பயந்துவிட்டேன், அண்ணே. நீ மூடியைப் போட்டுவிட்டுக் குனிந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாய். கொண்டை ஊசியை எடுத்து அந்தப் பாலை நெம்பித் தரையில் தள்ளிவிட்டு, வாளியை எடுக்கிற மாதிரி விலகிக்கொண்டேன்.

பம்பு ஓடியது. எட்டுப் பீப்பாய் நிறைந்தும் நிற்கவில்லை. சார்ஜன் ஓடி வந்து, "என்ன செஞ்சே?" என்று கேட்டார். நீ உள்ளங்கையை நீட்டினாய். "கார்புரேட்டர்ல மணலு ஐயா! நொய்யரிசி கணக்கா மாட்டிக்கிட்டு இருந்துச்சு!" சனிக்கிழமை துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். பம்பு இருமவேயில்லை. உன் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அன்று நான் அழுத அழுகையை அண்ணி சந்தோஷம் என்று நினைத்தாள். சந்தோஷம்தான்.

அதற்குப் பிறகு அந்த மணல் கதையை நீ எத்தனை தடவை சொன்னாய்! நொய் அரிசியாகி, அரிசி பயறாகிவிட்டது. கல்யாண வீட்டில்கூட நிறுத்தவில்லை. நான் உள்ளுக்குள் சிரிப்பேன். பிறகு அண்ணனை ஏமாற்றுகிறோமே என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். நீ காய்ச்சலில் கிடந்த கடைசி நாளிலும் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை.

போன வாரம் வேலிக் கதவைத் திறந்துவிட்ட அன்று அண்ணி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். "வள்ளி, நீ ஊசியால குத்துனதை ஒங்கண்ணன் பாத்துட்டாரு. கீழ விழுந்த அந்தப் பாலு துண்டை சார்ஜன் பாத்துருவாருன்னு, எடுத்து வெத்தலையோட மென்னு துப்பிட்டாராம். கைல காட்டுனது ஆத்து மணலு. வேலி தொறக்குற வரைக்கும் ஒங்கிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. பயத்துல வாய் தவறி நீயே யாருகிட்டயாச்சும் சொல்லிருவியாம்."

கேட்டதும் எவ்வளவு நிம்மதி தெரியுமா? நான் உன்னை ஏமாற்றவே இல்லை. ஆனால் எனக்குக் கோபமும் வருகிறது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "எனக்குத் தெரியும், போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீ அந்தக் கதையை ஓயாமல் சொன்னது பெருமைக்கு இல்லை, வேறு யாரும் வேறு காரணம் தேடக்கூடாது என்றுதானே?

இனி தேடட்டும். ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்களைக் கூட்டிவைத்துச் சொல்லப்போகிறேன், அடைத்தது என் கை, காப்பாற்றியது என் அண்ணன் என்று. உன் மகன் பெரியவனானதும் அவனுக்கும் சொல்வேன். அவன் அப்பா கப்பல் ஏறாமல் இங்கேயே இருந்து அவனைத் தூக்கி வளர்த்தாரே, அதையும் சேர்த்துச் சொல்வேன். இது சத்தியம்.

நீ காட்டிக்கொடுக்காத உன் தங்கை,
வள்ளி