அறுபதுக்கான சிவப்புச் சட்டை

ஜூன் 11

மழைக்காலம் தொடங்கிவிட்டது. குடையும் காயவில்லை, ஷூவும் காயவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தாள். வேலை செய்யும் இடத்தில் மற்றவர் மனம் நோகாமல் பேசுவது எப்படி என்று. போகும்போது வெந்நீர் இயந்திரத்துக்கு மேலே ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். தவிர்க்க வேண்டிய சொற்கள். கிழவி, கிழடு, பெருசு, 'வயசானா அப்படித்தான்', 'இந்த வயசுல எதுக்கு' - மொத்தம் இருபத்து மூன்று.

எதிர் மேஜை ஓகோஷி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இதுல பாதி நான் உனக்குன்னே உண்டாக்கினது, கெழவி. எனக்கு ஒரு நன்றி கூட போடலயே?"

"போய்க் கேளு, ஓட்டைக் கெட்டிலே."

"கெட்டில் லிஸ்ட்ல இல்ல. நீ தப்பிச்சுட்ட." உடனே முதுகை வளைத்துக் கும்பிடு போட்டான். "வயதில் முதிர்ந்த மரியாதைக்குரிய பெண் ஊழியர் அவர்களே, தங்களுக்கு டீ போடட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரிவுத் தலைவர் இசாகா கூடச் சிரித்துவிட்டு, தாளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்த தமாகி மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் கம்பெனி கெட்டிலும் எஃகுக் கிண்ணமும் செய்கிறது. நானும் ஓகோஷியும் ஒரே ஏப்ரலில், ஒரே நாள் காலையில் அனுப்புதல் பிரிவில் சேர்ந்தோம். முப்பத்தேழு வருஷமாக எதிரெதிர் மேஜை. முதல் நாள் நான் நாற்காலிக்கு ஒரு மெத்தை கொண்டுபோனேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அன்றைக்குக் 'கெழவி' என்று ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை.

அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். போன பிப்ரவரியில் அவனுக்கு அறுபது முடிந்தது. காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் நிற்கவைத்து, அறுபது ஆனவர்களுக்கு வழக்கமாகப் போடுகிற சிவப்புச் சட்டையை, கையில்லாத பஞ்சு வைத்த சட்டையை, மாட்டிவிட்டு கேலிப் பேச்சு பேசினேன். பிரிவுக்கு ஒரே ஒரு சட்டைதான். கடைசியாகப் போட்டவர் துவைத்து வைத்திருந்து, அடுத்து அறுபது ஆகிறவருக்குத் தன் கையால் மாட்டிவிட வேண்டும், பேச்சும் அவருடையதுதான். அடுத்த ஜனவரியில் என் முறை. பதினோரு பக்கம் எழுதிவிட்டானாம். "இன்னும் உன் முப்பது வயசுக்கே வரல" என்கிறான்.

ஜூன் 27

மதியச் சாப்பாட்டில் என் முட்டைச் சுருளைத் திருடிவிட்டான். பல்லில்லாதவளுக்கு எதற்கு என்று கேட்கிறான்.

ஜூலை 19

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

கியோட்டோ கடையிலிருந்து போன் வந்தது. இருபது வருஷமாகப் பேசுகிற மனிதர். குரல் தெரிகிறது, முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓகோஷி எதிரிலிருந்து பெயரை உதட்டசைவில் எடுத்துக் கொடுத்தான். பேசி முடித்தேன். வைத்ததும் சொன்னான்:

"அடுத்து வீட்டுக்கு வழிய மறந்துடப் போற, கெழவி. கோட்ல பேரும் விலாசமும் தெச்சு வச்சுக்கோ. யாராவது கொண்டாந்து விடுவாங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

நான் தைத்திருக்கிறேன். அம்மாவின் கோட்டுக் காலருக்கு உள்ளே, பெயர், விலாசம், போன் நம்பர், கறுப்பு நூலில். அம்மா அன்றைக்குக் கோட்டுப் போடாமல் கிளம்பிவிட்டாள். நவம்பர் மாதம். இரண்டாம் நாள் காலையில் வயல் கால்வாய்க்குப் பக்கத்தில் கிடைத்தாள். அலுவலகத்தில் மாரடைப்பு என்று சொன்னேன். ஓகோஷி சாவுக்கு வந்து கடைசிவரை நின்றான். அவனிடம்கூடச் சொல்லவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் சொல்லியிருப்பானா? மாட்டான். எனக்குத் தெரியும், மாட்டான்.

ஆனாலும் - இப்ப எனக்கே பேரு மறக்குதே. எனக்கும் அதுதானா? அப்ப எனக்கு யாரு தெச்சுக் குடுப்பா?

கழிவறையில் அழுதேன். தமாகி கை கழுவ வந்தாள், ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலை 30

இசாகா கூப்பிட்டார். சின்ன அறையில் அதே தலைமை அலுவலகப் பெண். யாரோ புகார் செய்திருக்கிறார்களாம். யார் என்று சொல்ல மாட்டார்களாம். நான் சொல்லவில்லை என்றேன், அது பரவாயில்லை என்றாள்.

"ஓகோஷி சான் உங்க வயசைப் பத்திப் பேசறது உங்களுக்கு வருத்தமா இருக்கா?"

ஆமாம் என்று முகத்துக்கு நேரே யார் சொல்லுவார்கள்? இல்லை என்றும் அப்படியே போட்டு உடைக்க முடியாது. தலையைக் குனிந்துகொண்டு எல்லாரும் சொல்கிறதைத்தான் சொன்னேன்: "ஐயோ, பொறுத்துக்க முடியாத அளவுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

எழுதிக்கொண்டாள். "எவ்வளவு நாளா?"

"முப்பத்தேழு வருஷம்."

நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் 6

வாக்குமூலத் தாள் வந்தது. 'முப்பத்தேழு ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறார்' என்று இருந்தது. திருத்தம் இருந்தால் சிவப்பு மையில் எழுதி, இல்லையென்றால் கீழே கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும்.

சிவப்புப் பேனா என் மேஜையிலேயே இருந்தது. எதிரே ஓகோஷி கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே மூக்கால் பாடிக்கொண்டிருந்தான். எனக்கு அம்மாவின் காலர் ஞாபகம் வந்தது. கொஞ்சம் திட்டு வாங்கட்டுமே என்று தோன்றியது. திட்டு மட்டும்தான் என்று நினைத்தேன், சத்தியமாக.

முத்திரையை வைத்தேன். கொஞ்சமும் கோணாமல் விழுந்தது.

ஆகஸ்ட் 7

தூக்கம் இல்லை. புழுக்கம்தான் காரணம்.

செப்டம்பர் 2

ஓகோஷியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அறுபதுக்குப் பிறகு வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறவன், மறுத்துப் பேச முடியாது. ஒரே ஒரு அட்டைப்பெட்டியில் மேஜையைக் காலி செய்தான். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"இத்தனை வருஷம் உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன், கதாகிரி சான். மன்னிச்சுக்குங்க."

உச்சந்தலையின் வழுக்கை தெரிகிற அளவுக்குக் குனிந்தான். முப்பத்தேழு வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட 'நீங்க' என்றோ, மரியாதையாகப் பெயரோடு 'சான்' சேர்த்தோ கூப்பிட்டதில்லை. கேலிக்காக இருக்கும், நிமிர்ந்ததும் சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"இல்லீங்க... நான்தான்..." என்றேன் நானும். எல்லாரும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 20

தமாகி பேரிக்காய் ஜெல்லி கொண்டுவந்து கொடுத்தாள்.

"இப்ப ஆபீஸ் எவ்வளவு அமைதியா இருக்கு, இல்லீங்களா? நீங்க அன்னிக்கு அழுததைப் பாத்துட்டு எனக்குச் சோறே எறங்கல. எங்கம்மாவையும் வேலை செஞ்ச எடத்துல இப்படித்தான் கேலி பண்ணியே விரட்டுனாங்க. அவங்களுக்காக யாரும் ஒரு வார்த்தை பேசல."

அப்போ இவள்தான். இந்தப் பிள்ளையின் மேல் எப்படிக் கோபப்படுவேன்? நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு நிற்கிறாள். நன்றி சொன்னேன். ஜெல்லி நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 16

ஒசாகாவுக்குப் போக வேண்டிய பெட்டியில் சென்டாய் விலாசத்தை ஒட்டிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. பிறகு போய்ப் பார்த்தால் சரியான விலாசம் ஒட்டியிருந்தது. யார் மாற்றினார்கள் என்று கேட்டேன். எல்லாரும் புன்னகை செய்தார்கள்.

இதுபோல் இன்னும் எத்தனை தடவை மாற்றியிருப்பார்கள்? ஓகோஷியாக இருந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருப்பான். எனக்கும் தெரிந்திருக்கும்.

நவம்பர் 15

பயத்தோடு எத்தனை நாள் இருப்பது என்று ஞாபகமறதி மருத்துவரிடம் போனேன். ஐந்து பொருளைக் காட்டி மறைத்தார். சாவி, கடிகாரம், ஸ்பூன், பென்சில், நாணயம். ஐந்தையும் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கழித்தேன். ஒன்றுமில்லை, சாதாரண மறதிதான் என்றார்.

வெளியே வந்ததும் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்ல? வீட்டில் நான் ஒருத்திதான். "டாக்டர் ஏமாந்துட்டார், கெழவி" - இதைச் சொல்ல ஒருத்தன் இருந்தான். 'எனக்கு ஒன்றுமில்லையாம்' என்று அவனுக்குச் செய்தி அடித்தேன். எதில் ஒன்றுமில்லை என்று கேட்பானே, கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே. அழித்துவிட்டேன்.

டிசம்பர் 20

ஓகோஷி மாதக் கடைசியோடு நிற்கிறானாம். ஒப்பந்தம் மார்ச் வரை இருக்கிறது, அவனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இசாகா இதை வெளியில் பனி பெய்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

நான் செஞ்சது. வேற யாரும் இல்ல. நான் செஞ்சது.

ஜனவரி 23

அறுபது.

காலைக் கூட்டத்தில் தரக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார்கள். பிறந்தநாள் பட்டியலைச் சுவரிலிருந்து போன மாதமே எடுத்துவிட்டார்கள், வயதைக் குறிக்கும் என்று. இசாகா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கைக்குட்டைப் பெட்டி கொடுத்தார். "உங்களோட... தொடர்ந்த பங்களிப்புக்கு," என்றார். பாவம், அந்த எண்ணைச் சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு.

ஜனவரி 26

ஓகோஷியின் வீட்டுக்கு, கமோவுக்குப் போனேன். ரயிலில் இரண்டே நிறுத்தம், இவ்வளவு நாள் போகவில்லை.

அவன் மனைவி கதவைத் திறந்தாள். ஓகோஷி உள்ளேயிருந்து வந்தான், மெலிந்திருந்தான். உட்காரச் சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துவந்தான். துவைத்து இஸ்திரி போட்ட சிவப்புச் சட்டை.

"அனுப்பலாமா கூடாதான்னு யோசிச்சுட்டே இருந்தேங்க. அதுவும் தப்பாயிடுமோன்னு."

"போட்டு விடு," என்றேன்.

மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கடைக்கு வந்தவளுக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன். அந்தத் தாளைத் திருத்தியிருக்கலாம், சிவப்புப் பேனா பக்கத்திலேயே இருந்தது, வேண்டுமென்றேதான் முத்திரை வைத்தேன் என்று.

"தெரியும். காமிச்சாங்க," என்றான். "முத்திரை நேரா விழுந்திருந்துச்சு. அவசரத்துல வச்சதில்லன்னு புரிஞ்சுது."

பிறகு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். காலர், கறுப்பு நூல், கால்வாய். அவன் மனைவி டிவியை அணைத்தாள். ஓகோஷி இரண்டு கையையும் பாயில் ஊன்றி நெற்றியைத் தரையில் வைத்தான். எழுந்திருக்கவே இல்லை.

"டேய் கெட்டிலே, எந்திரிடா. எனக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஏதாவது சொல்லேன். பதினோரு பக்கத்துல ஒரு வரி படி, போதும்."

"அதெல்லாம் கிழிச்சுட்டேங்க," என்றான், தலையைத் தூக்காமலே.

கிளம்பும்போது வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஸ்டேஷன்வரை வந்தான். பனி இறுகிய இடங்களில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பையையும் அவனே தூக்கினான். டிக்கெட் வாயிலில் நின்ற ஊழியரிடம், "இவங்க ஹிகாஷி சான்ஜோல எறங்கணும், கொஞ்சம் பாத்துக்கங்க," என்றான். கேலியாகச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையான கவலை.

கடைசியில் பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான். என் பெயர், என் ஸ்டேஷன், அவன் போன் நம்பர், எல்லாம் பெரிய பெரிய எழுத்தில். நான் ஷூ மாட்டும்போது எழுதியிருப்பான் போல. மடித்து என் கோட்டுப் பைக்குள் வைத்தான்.

"எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடுங்க."

முப்பத்தேழு வருஷம் கெழவி கெழவி என்றான், ஒரு நாளும் நான் கிழவியாக உணர்ந்ததில்லை. ரயிலில் எதிரே இருந்த பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 2

வயது எத்தனையோ அத்தனை வறுத்த சோயாக் கொட்டை தின்னும் நாள். வருஷா வருஷம் அலுவலகத்தில் ஓகோஷிதான் என் பங்கை எண்ணுவான். பத்து கூடுதலாக வைத்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பான். இந்த வருஷம் ஞாயிறு. ஞாயிறாக இல்லாவிட்டாலும் சோயா வந்திருக்காது, அதுவும் வயதை எண்ணுவதுதானே.

சிவப்புச் சட்டையை நானே போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பதுக்கு மேல் தப்பிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

கோட்டுப் பையில் அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது. எடுத்துப் போடவில்லை.