தட்டிப் பார்த்த ஓடுகள்

திங்கள், காலை 9.10
நிலவு ஆய்வுக்கூடம். பதிவு செய்பவள் ரெஜினா பர்னாந்து. இந்த மாதம் இங்கே நான் ஒருத்திதான். செராமிக் ஓடு ஒன்றை வாயுத் துப்பாக்கியால் முழு வேகத்தில் சுட்டேன். கண் இமைப்பதற்குள் அது நசுங்கி மீள வேண்டும். மீண்டது.

'முத்துச்சிப்பி' விண்கலத்தின் முகப்புக் கவசம் இதே ஓடுகள்தான். புதன்கிழமை அது சனிக்கோளின் வளையத் தூசிக்குள் நுழைகிறது. உள்ளே நாலு பேர். ஒருத்தி என் தங்கை செல்மா.

கலத்துக்குப் போன ஒவ்வொரு ஓட்டையும் நானே மெதுவாக ஒருமுறை சுட்டுப் பார்த்து, கீறல் விழாததை மட்டும் அனுப்பினேன். வேண்டாத வேலை என்றார்கள். சட்டி வாங்கினாலே தட்டிப் பார்த்து வாங்குகிற தூத்துக்குடிக்காரி நான், விடுவேனா?

செவ்வாய், மாலை 4.30
இன்னும் தட்டிப் பார்க்காத புதிய ஓடுகள் குறைவாக இருக்கின்றன. அதனால், தட்டிப் பார்த்துத் தேறியதில் மிஞ்சிய ஒன்றை மாட்டிச் சுட்டேன். மாவாகிவிட்டது. பின்னாலிருந்த இரும்புத் தகட்டிலும் துளை. துப்பாக்கியில்தான் கோளாறு என்று திட்டித் தீர்த்தேன்.

புதன், காலை 6.05
துப்பாக்கியில் கோளாறு இல்லை. புதிய ஓடு தாங்குகிறது. தட்டிப் பார்த்தது மட்டும் ஒவ்வொரு முறையும் மாவாகிறது. நுண்ணோக்கியில் பார்த்தேன். முதல் அடியிலேயே உள்ளே மெல்லிய கோடுகளாக நொறுங்கியிருக்கிறது. வெளியே ஒரு கீறல் கிடையாது.

ஐயோ மாதாவே. கலத்தில் இருப்பது அத்தனையும் நான் தட்டிப் பார்த்தது.

புதன், 6.20
திருப்ப எரிபொருள் இல்லை என்று கட்டுப்பாட்டு அறை கையை விரித்துவிட்டது. பின்னறையில் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே இருந்தால் பிழைக்கலாம். அனுப்பிவிட்டேன்: "செல்மா, முன்னால இருக்காத. எல்லாரும் பின்னறைக்குப் போங்க. ஓடு தாங்காது. அக்கா சொல்லுதேன், கேளு."

போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். எட்டு மணிக்குத்தான் நுழைகிறார்கள். நேரம் இருக்கிறது.

புதன், 7.02
செல்மாவின் குரல் வந்தது. நான் அனுப்புவதற்கு முன்பே அவள் பேசியது.

"அக்கா, ஆன்டெனாவ மடக்கப் போறோம், தூசி அடிச்சிரும்லா. இனி வளையத்தத் தாண்டித்தான் பேச்சு. பின்னறையில தொட்டிக்கு நடுவுல படுக்கணும்னுதான் உத்தரவு. நான்தான் எல்லாரையும் முன்னால கூட்டிட்டு வந்துட்டேன். எங்க அக்கா தட்டிப் பாத்து அனுப்புன ஓடு, இதவிடப் பத்திரமான எடம் எங்க இருக்குன்னு கேட்டேன். எல்லாரும் வந்து இங்கயே படுத்துட்டாங்க! வச்சிரட்டா? சாப்ட்டுட்டு நல்லாத் தூங்கு."

ஆன்டெனா மடங்கியிருக்கிறது. என் செய்தி அங்கே யாருக்கும் கேட்காது. தெரிந்தும் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.

புதன், 9.15
அங்கே நடந்தது நடந்து முடிந்திருக்கும். தாண்டியிருந்தால் ஒன்பதரைக்குள் குரல் வர வேண்டும்.

புதன், 11.40
இரைச்சல்தான்.

கட்டுப்பாட்டு அறை கூப்பிடுகிறது. நான் எடுக்கவில்லை. கையில் ஒரு ஓடு இருக்கிறது, செல்மாவுக்கு அனுப்பியதில் மிஞ்சியது. விரலால் தட்டுகிறேன். மறுபடியும் தட்டுகிறேன்.

கணீர்னுதாண்டி கேக்குது, செல்மா. கணீர்னுதான்