ஈரத் துண்டும் பழைய வாஷரும்

என் வாண்டுவுக்கு அப்பா எழுதுவது.

நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, போன வாரம் கம்பெனி டாக்டர் பார்த்தார், பிரஷர் சரி, சர்க்கரை சரி, எடைதான் நாலு கிலோ இறங்கியிருக்கிறது, மற்றதை அளக்க அவரிடம் கருவி இல்லை. வேலை எப்போதும் போல. நேற்று ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, நான் போய்க் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரிடம், கயிறே அறுந்தாலும் லிஃப்ட் கீழே விழாது, தனியாக ஒரு பிரேக் இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா இருந்திருந்தால், அழுகிற மனுஷன்கிட்டயா பிரேக்கைப் பத்திப் பேசுவீங்க என்று கேட்டிருப்பாள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு நாற்பத்து மூன்று வயதுதான் என்பதால் பார்க்கிறவர்கள் எல்லாம் இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது என்கிறார்கள். அதுதான் பிரச்சினை என்று நான் அவர்களிடம் சொல்வதில்லை.

நீ போனில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். வாடகைக்கு விடுவதற்காக இரண்டு அறை ஃபிளாட் ஒன்று வாங்கப் போகிறாய், விலை ஏறினால் விற்றுவிடுவாய், முன்பணத்துக்கு உன் மாமா கைமாற்று தருகிறார், மூன்று வீட்டை வீடியோவிலேயே பார்த்து எதை எடுக்கலாம் என்றும் அவரே சொல்லிவிட்டார். நான் நல்லது நல்லது என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்ததும் வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது. அம்மாவின் அண்ணனுக்கு ஏழு வீடு இருக்கிறது, எனக்கு இருப்பது குடியிருக்கிற வீடும் அம்மா வாங்கிய குட்டி வாடகை வீடுமாக ஒன்றேகால், அதனால் நீ அவரிடம் கேட்டதில் கணக்குப்படி தப்பில்லை. ஆனால் எல்லாம் முடிவான பிறகுதான் எனக்குச் சொன்னாய். உன் சைக்கிள் பிரேக்கிலிருந்து லேப்டாப் வரைக்கும் என்னிடம்தானே வந்து நின்றாய், வீடு என்றதும் மாமா ஞாபகம் வந்துவிட்டதா. பெயின்ட் அடி, ஒரு வருஷத்தில் தள்ளிவிடு என்று அவர் சொன்னாராம். ஒரு வருஷத்தில் தள்ளிவிட்டால் பதிவுச் செலவும் புரோக்கர் கமிஷனும் போக உன் கையில் பெயின்ட் வாளிதான் மிஞ்சும். இதைப் பொறாமையில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமையிலும்தான் சொல்கிறேன்.

நீ கேட்காவிட்டாலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகை வரும் என்று போடாதே, பத்து மாதம் என்று போடு, அந்தப் பத்தில் கடன் தவணை கட்ட முடியாது என்றால் அந்த வீட்டை விட்டுவிடு. பத்திரத்தைப் பார்க்கிற வக்கீல் உன் வக்கீலாக இருக்கட்டும், விற்கிறவர் கூட்டி வருகிறவர் வேண்டாம். வாங்கும்போதே நாளைக்கு இதை என்னிடமிருந்து யார் வாங்குவார்கள் என்று யோசி, ஒரு முகமும் தோன்றவில்லை என்றால் வாங்காதே. கட்டடத்தில் லிஃப்ட் இருந்தால் சர்வீஸ் ரிஜிஸ்டரைக் காட்டச் சொல், லிஃப்ட்டுக்கு எண்ணெய் விடாமல் இழுத்தடிக்கிறவர்கள் தண்ணீர்த் தொட்டியையும் கழுவ மாட்டார்கள், இருபது வருஷத்தில் இதற்கு விலக்கு நான் பார்த்ததில்லை. இது எதுவும் உன் மாமாவுக்குத் தெரியாது. கடைசியாக ஒன்று, இது அம்மாவுடையது. ஒரு கைத்துண்டை நனைத்துப் பிழிந்து காலையில் அந்த வீட்டுச் சமையலறையில் ஜன்னலை மூடிவிட்டுத் தொங்கவிடு, சாயங்காலம் போய்த் தொட்டுப் பார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் முதலில் பார்த்த வீட்டில், சாவிக்கொத்தை ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருப்பாரே, ரப்பர் பேண்டு என்றே எல்லோரும் கூப்பிடுகிற அந்த புரோக்கர், அவர் முன்னாலேயே அவள் துண்டைத் தொங்கவிட்டாள். நான் ஈரம் அளக்கிற மீட்டரைச் சுவரில் வைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். சாயங்காலம் துண்டு அப்படியே ஈரமாக இருந்தது, அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அடுத்த மழைக்கு அந்தச் சுவர் உப்பிக்கொண்டு உரிந்ததை ரப்பர் பேண்டே வந்து சொன்னார். மீட்டர் சுவரின் மேல்தோலைத்தான் அளக்கும். அவள் வீட்டின் மூச்சை அளந்தாள்.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படி. நீ போன் பேசிய மறுநாளே ரப்பர் பேண்டைக் கூப்பிட்டு, அம்மா கடைசியில் வாங்கினாளே, பத்து நிமிஷ நடையில் இருக்கிற அந்த வாடகை வீடு, அதை விற்றுத் தரச் சொன்னேன். உன் முன்பணம் மாமாவிடமிருந்து வரக்கூடாது, என்னிடமிருந்து வர வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். வாங்க ஒரு இளம் ஜோடி வந்தது. கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று என் முன்னாலேயே சண்டை போட்டார்கள், அந்தப் பெண், நீங்க குறட்டை விடுவீங்க, ஜன்னல் பக்கம் நீங்கதான் என்றாள். அவர்களைப் பார்த்தும் வயிறு எரிந்தது. வீட்டைக் காலி செய்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அங்கே ஒன்பது வருஷமாகக் குடியிருப்பது அம்மா பேக்கரி அக்கா என்று கூப்பிடுவாளே அவர்தான், விடியற்காலை ரொட்டி போடப் போய்விட்டுப் பகலில் வீட்டில் இருக்கிறவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை வாடகை வாங்கப் போகிற அம்மா இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் திரும்புவாள். பணத்தை பேங்கில் போடச் சொல்லேன் என்றால், சுவரைப் பார்க்க வேண்டாமா என்பாள். வயிற்றில் வலி என்று அவள் முதலில் சொன்னது என்னிடம் இல்லை, அந்த அக்காவிடம். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அவள் போனபோது எனக்கு அழுகை வரவில்லை, அந்த அக்கா தரையில் உட்கார்ந்து அழுதார், எனக்குச் சேர வேண்டியதை இவர் ஏன் எடுத்துக்கொள்கிறார் என்று நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விற்க நினைத்ததற்குக் காரணம் உன் முன்பணம் பாதி, இந்த எரிச்சல் பாதி.

காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை டைப் அடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போன சனிக்கிழமை போனேன். வாங்க தம்பி, எட்டு மாசத்துக்கு அப்புறமாவது வழி தெரிஞ்சுதே என்றார். சமையலறையில் உட்காரச் சொல்லி டீ போட்டார். அலமாரியில் நீலக் கோடு போட்ட கப் ஒன்று தனியாகக் கவிழ்த்திருந்தது, அது உங்க வீட்டம்மாவோடது, வேற யாருக்கும் கொடுக்கறதில்லை என்றார். நம் வீட்டில் அவளுக்கென்று ஒரு கப் இருந்ததா, யோசித்தேன், இல்லை. பக்கத்தில் ஒரு துணிப்பை தொங்கியது, அதில் ஸ்பானர், டேப், புது வாஷர் பாக்கெட். இந்த வீட்டுக் குழாய் வாஷரையெல்லாம் அம்மாதான் மாற்றுவாளாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒழுகுமே, என்னங்க மறுபடியும் சொட்டுது என்று கூப்பிடுவாளே, நான் போய்த்தானே சரி செய்வேன். வாஷர் மட்டம் என்று ஹார்டுவேர் கடைக்காரரிடம் எத்தனை தடவை மல்லுக்கு நின்றேன், மூன்று கடை மாற்றினேன், உனக்கே தெரியும். அவளுக்கு ஸ்பானர் பிடிக்கவே தெரியாதே என்றேன். பேக்கரி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“இங்க கழட்டுன பழைய வாஷரைத் தூக்கிப் போட மாட்டாங்க தம்பி. பையில போட்டுட்டுப் போய் உங்க வீட்டுக் குழாய்ல மாட்டுவாங்க. ஏம்மா இப்படின்னு கேட்டா, அதைச் சரி பண்ற அரை மணி நேரம்தான்கா அந்த மனுஷன் என் பக்கத்துல உட்கார்ந்து வாயைத் திறந்து பேசுவாருன்னு சொல்லுவாங்க.”

நான் இருபது வருஷமாக எந்திரம் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். எந்த வாஷரும் காலண்டர் பார்த்துக் கெட்டுப் போகாது. எனக்கு அது தோன்றவே இல்லை. டீ ஆறிப்போனது. பையில் ஒரு பழைய வாஷர் இருந்தது, ஓரம் பிய்ந்தது, அடுத்த முறைக்கு எடுத்து வைத்திருக்கிறாள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நோட்டீஸ் சட்டைப் பையிலேயே இருந்தது. வாசல் வரைக்கும் வந்த அக்கா, வீட்டை விக்கறீங்கன்னு ரப்பர் பேண்டு சொன்னாரு, உங்க பொருள், நான் என்ன சொல்ல, இந்தக் கப்பை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா என்று கேட்டார். விற்கவில்லை என்றேன். அடுத்த மாதமும் வருவேன், இனி வாடகையை பேங்கில் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் வாண்டு, இந்த ரகசியத்தை ஒன்பது வருஷம் அவர் வைத்திருந்தார், எனக்குக் கிடைத்து ஒரு வாரம்தான் ஆகிறது, அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அதனால் முன்பணம் என்னிடமிருந்து வராது. மாமாவிடமே வாங்கிக்கொள், எழுதி வாங்கு, எழுதிக் கொடு. குடிவருகிறவர்களை ஆள் வைத்துப் பார்க்காதே, மாதம் ஒருமுறை நீயே போ, சுவரைப் பார், கொடுத்தால் டீ குடி, அதிகம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, காது கொடு. உன் கைக்கு வருகிற சாவி உனக்கு ராசியாக இருக்கட்டும், அந்த வீட்டில் விளக்குப் போடுகிறவர்கள் உன்னை நல்ல வார்த்தையால் நினைக்கட்டும், நீ நல்லா இருப்பாய். துண்டை மறந்துவிடாதே. வீடு உன் பேருக்கு வந்ததும் பிளம்பரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சரி செய், சமையலறைக் குழாயை மட்டும் விட்டுவை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், டூல் பாக்ஸோடு வருகிறேன், அரை மணி நேரம் ஆகும், பக்கத்தில் உட்கார்.

இப்படிக்கு,
மாமாவைவிட ஐந்தே முக்கால் வீடு குறைந்த
உன் அப்பா