கதவோரத்துத் தகர டப்பா

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? டகோட்டாவில் பனி கொட்டுகிறதாமே. வாசல் பனியை நீயே அள்ளாதே, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடு.

நான் நலம். நன்கொடையை நம்பியிருந்த இந்த மலையூர் மருத்துவமனையைச் சொந்தக் காலில் நிற்க வைக்கத்தானே கணக்காளரான என்னை அனுப்பினார்கள்? இப்போது நிற்கிறது. கேக் வெட்டினோம்.

முன்பு கதவோரம் ஒரு தகர டப்பா இருந்தது. வருகிறவர்கள் முடிந்ததைப் போடுவார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். அதை எடுத்துவிட்டு நான் கட்டண ஜன்னல் வைத்தேன். பணமில்லாதவர்கள் அங்கே சொன்னால் போதும், இலவசம்.

ஹார்லன் ஸ்டிடம் என்று ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி, சர்க்கரை நோயாளி. கால் புண்ணோடு வரிசையில் நின்றார். ஜன்னலுக்கு வந்ததும், பின்னால் நின்ற ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். “ஒண்ணுமில்லம்மா, சும்மா எட்டிப் பாத்தேன்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். புண் புரையோடி, நேற்று அவரை அடக்கம் செய்தோம்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன், நர்ஸ் வெர்னாவிடம்.

“ஊர் முன்னாடி நின்னு ‘எங்கிட்ட இல்ல’ன்னா? எங்க மலைக்காரன் செத்தாலும் சொல்ல மாட்டான், கணக்கம்மா.”

ஜன்னலை மூடலாமென்றால், வெர்னாவின் சம்பளமே இப்போது அதிலிருந்துதான் வருகிறது.

என் சிவப்புக் கம்பளிக் காலுறையை அனுப்பு. சாயங்காலமானால் அறை ரொம்பக் குளிர்கிறது, பேசவும் ஆளில்லை. தபால் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

அம்மா, பிரஷர் மாத்திரை வாங்கினாயா என்று போனில் கேட்டபோது நீயும் “ஒண்ணுமில்ல” என்று சிரித்தாய். கையில் இல்லையென்றால் என்னிடமாவது சொல்லிவிடு.

மார்லிஸ்