பூந்தொட்டிக்குள் எர்த் கம்பி

அப்பா,

எலக்ட்ரீஷியன் இன்று வருவார். போன தடவை மாதிரி வாசலோடு திருப்பி அனுப்பாதீங்க. எர்த் கம்பியை மண்ணில் புதைக்கணும்னு அவர் சொன்னது வெளியே தரையில். ஜன்னல் பூந்தொட்டியில் இல்லை. அதுக்குத் தினமும் தண்ணி வேற ஊத்துறீங்க!

"மூணு ஓட்டை பிளக் பாயிண்ட் மாட்டியாச்சே, இன்னும் என்ன?"ன்னு அவர்கிட்டயும் கேட்காதீங்க. இந்தப் பழைய வயரிங்கில் மூணாவது ஓட்டைக்குப் பின்னால் ஒண்ணுமே கிடையாது.

ஃப்ரிட்ஜைத் தொட்டு ஷாக் அடிச்சு அம்மா நேத்தும் அலறினாங்க. நீங்க "பழகிடும்"ங்கறீங்க. எனக்குப் படிச்ச திமிர்தான். திட்டிக்கோங்க. கதவை மட்டும் திறந்துவிடுங்க.

சாப்பாடு மேஜைமேல்.

பி.கு.: பால் ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கு. வேலை முடியிறவரை கடுங்காப்பி குடிங்க. உங்கமேல கோபம்தான். அதுக்காகச் செத்துத் தொலைக்காதீங்க.