எஸ்கேப் விசையில் சந்தனப் பொட்டு

9 அக்டோபர் 2024, புதன்

காலையில் ஒரு கம்ப்ரசர் வால்வைக் கழற்றி மாட்டினேன். முப்பது வருடம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்க் கிணறு போட்டவன், இப்போது திருச்செங்கோட்டில் வீட்டையொட்டிய கொட்டகையில் ரிக் பழுது பார்க்கிறேன். இந்தியாவின் பாதிக் கிணறுகளுக்கு நான்தான் தகப்பன் என்றால் அக்கா சௌந்திரம் சிரிக்கிறாள். அடக்கமாகப் பாதி என்றேன். ஒடிசாவில் நான் போட்ட ஒரு போரில் காதை வைத்தால் பூமிக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரன் பேசுவது கேட்கும்.

அக்கா மகள் பிரியா பூஜை லீவுக்கு வந்துவிட்டாள். முழுப்பெயர் தனப்பிரியா, கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு. இரண்டாயிரத்து நானூறு முட்டைகளின் ஓட்டுக் கனத்தை அளந்து ஆய்வேடு எழுதுகிறாள். 21ஆம் தேதி கொடுக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் தள்ளிப்போகும். கோழிப் பண்ணையில் கிடைத்திருக்கும் வேலையும் போய்விடும். எல்லாம் அவள் லேப்டாப்பில் இருக்கிறது. அதில் லினக்ஸ் என்று ஒன்று ஓடுகிறது, அவளுடைய சீனியர் ரஞ்சனி போட்டுக் கொடுத்தது.

"வேற எதுலயாச்சும் நகல் எடுத்து வெச்சிருக்கியா சாமி?"

"ஆகஸ்ட்ல எடுத்தனுங்க மாமா. பொழுதோட மறுக்கா எடுத்தர்றேன்."

எடுக்கவில்லை.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. ஸ்பானர், சம்மட்டி, பிட், வெல்டிங் மெஷின் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். பூஜையில் வைத்த கருவி ஓடக் கூடாது, மறுநாள்தான் கையில் எடுப்போம். லேப்டாப்பும் கருவிதானே?

பிரியா வடைக்கு ஆட்டப் போகும்போது சொன்னாள்: "அப்டேட் ஓடுதுங்க மாமா. முடிஞ்சா தானா அணைஞ்சுக்கும். அதுக்கப்பறம் எடுத்து வையுங்க."

அக்கா குறித்த நல்ல நேரம் ஏழு மணியோடு முடிகிறது. ஆறே முக்காலுக்கும் அது ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது டன் ரிக்கை ஒற்றை விரலால் நிறுத்தியவன் ஒரு பலகைக்காகக் காத்து நிற்பதா? பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அணைந்தது. திறந்து வைத்து, விசைகள் மேலேயே நாலு மூலைக்கும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

"அணைஞ்சுருச்சுங்களா மாமா?"

"அணைஞ்சுருச்சு."

அணைந்தது உண்மைதானே.

12 அக்டோபர், சனி

கிளம்பவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கடைசி வரியில் 'பேனிக்'. தன் பதற்றத்தைத் தானே எழுதி வைக்கும் எந்திரத்தை இன்றுதான் பார்த்தேன்.

"தானா அணைஞ்ச பொறகுதானுங்க எடுத்து வெச்சீங்க?"

"ஆமா சாமி."

இது பொய். இங்கே எழுதலாம், இது யாரிடமும் போய்ச் சொல்லாது.

பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். "குடுக்கறதுக்குப் பத்து நாள் இருக்கையில எவளாச்சும் அப்டேட் போடுவாளா? எம் புத்திய என்னன்னு சொல்றது."

தோசை தட்டிலேயே ஆறியது.

13 அக்டோபர், ஞாயிறு

இன்றும் பேனிக். ரஞ்சனியின் போன் அணைந்தே இருக்கிறது. வடையை யாரும் தொடவில்லை, நான் உட்பட. நானே தொடவில்லை என்றால் நிலைமை எவ்வளவு மோசம்.

14 அக்டோபர், திங்கள்

பஸ் ஏறிச் சேலம் போனோம். சூரமங்கலத்தில் ஒரு கடை. கடைக்காரர் மோகன்குமார் நிதானமான மனிதர்.

"ஒழுங்கா அணைச்சு வெச்சதுதானுங்களே?"

"ஒழுங்காத்தான்" என்றேன். அவர் பிரியாவைத்தான் கேட்டார்.

"அப்படின்னா டிஸ்க்குதான் போயிருக்கணும். எனக்கு லினக்ஸ் அவ்வளவாப் பழக்கமில்லீங்க. பார்மேட் பண்ணிப் பார்க்கலாம், உள்ள இருக்கறது எல்லாம் போயிரும். இல்லைன்னா சென்னைக்கு அனுப்போணும், மூணு வாரம் ஆகும்."

பிரியா உதட்டைக் கடித்தாள். நான் லேப்டாப்பைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டேன். "ஊட்டுல கேட்டுட்டு வாரோமுங்க."

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாளைக்குக் கைடுகிட்டப் பேசீர்றனுங்க மாமா. அடுத்த பருவத்துல குடுக்கறேன்னு. ஏந்தப்புதான்." சங்ககிரி மலை வந்தது, போனது. அதன் பாதி எடை என் நெஞ்சின் மேல் ஏறியிருந்தது. பாதி என்பதும் அடக்கமாகத்தான்.

ரிக்கில் ஒரு சட்டம் உண்டு. குழிக்குள் ஸ்பானர் விழுந்தால் அந்த நொடியே கத்த வேண்டும். கம்முனு இருந்துவிட்டால், உள்ளே இரும்பு கிடப்பது தெரியாமல் பாறை துளைக்கும் பிட் இறங்கும், உடையும், ராடு சிக்கும், போரே போய்விடும். விழுந்ததற்காக யாரையும் நான் திட்டியதில்லை. மறைத்த ஒருவனை பிலாஸ்பூரில் செருப்புகூட இல்லாமல் பாதி ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன், பிரியாவே நூறு தடவை கேட்ட கதை.

இப்போது குழியில் போட்டுவிட்டு மேலே நின்று வேடிக்கை பார்ப்பவன் யார்? சுப்பையா, என்னையேதான் கேட்கிறேன் — யாருடா அது?

15 அக்டோபர், செவ்வாய்

காலையில் ரஞ்சனியே கூப்பிட்டாள். பிரியா ஸ்பீக்கரில் போட்டு எல்லாம் சொன்னாள்.

"ஒழுங்கா அணைஞ்சிருந்தா இப்படி ஆகாதேடி. நடுவுல கரண்ட் போச்சா?"

"இல்லீங்க்கா. பேட்டரியும் இருந்துச்சு."

"நாந்தான் அமுக்கினேன்" என்றேன்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா வெளியே வந்தாள். "என்னத்தடா அமுக்குன?"

"பொத்தானை. அப்டேட் ஓடிட்டிருக்கும்போதே. நல்ல நேரம் முடியப் பாத்துச்சு."

"அம்பத்தெட்டு வயசாவுது. மூளைய எந்தப் போர்லடா உட்டுட்டு வந்த? மூணு நாளா புள்ள சோறு தண்ணியில்லாம கெடக்கறா, நீ பாத்துட்டு கம்முனு இருந்திருக்கற."

பிரியா போனை மேசை மேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அக்கா இன்னும் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

போனில் ரஞ்சனி மட்டும் சிரித்தாள். "அங்கிள், இத முதல் நாளே சொல்லியிருந்தா சேலமே போயிருக்க வேண்டாம். டிஸ்க் போயிருக்காது. புது கர்னல், லினக்ஸ ஓட்டறதே அதுதான், பாதி ஏறும்போது நிறுத்திட்டீங்க. பழைய கர்னல் முழுசா உள்ளயேதான் இருக்கும்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. புது டிரைவர் படியில் ஒரு காலை வைத்ததோடு நிற்கிறான். பழைய டிரைவர் கேபினுக்குள் தூங்குகிறான். அவனை எழுப்பினால் போதும்.

ஆன் செய்த உடனே எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும், ஒரு பட்டியல் வரும், அதில் பழையதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாள் ரஞ்சனி. பிரியா தட்டினாள். பேனிக். மறுபடி. பேனிக். விசை கீழே இறங்கவே இல்லை.

குனிந்து பார்த்தேன். எஸ்கேப் இருப்பது மேலே இடது மூலை. என் பொட்டு. நான் அரைத்த சந்தனம், கேட்க வேண்டுமா? ஒரு அணையையே பூசி அடைத்திருக்கலாம்.

"குடு சாமி" என்றேன். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள். நியாயம்தான்.

முப்பது வருடம் இன்ஜெக்டர் முனையில் தலைமுடி அகல ஓட்டையைச் சுத்தம் செய்த கை இது. விசையின் மூடியை நகத்தால் நெம்பி எடுத்தேன். பழைய டூத் பிரஷ், காது குடையும் பஞ்சு, நாலு சொட்டு சானிடைசர். சொரண்டச் சொரண்ட ஒரு சந்தனக் காடே வெளியே வந்தது. ஊதிக் காயவைத்து மூடியை மாட்டினேன். 'டிக்' என்றது.

பிரியா தட்டினாள். பட்டியல் வந்தது. பழையதைத் தேர்ந்தெடுத்தாள். எழுத்துகள் ஓடின — ஓடின — பிறகு அவள் முகப்புத் திரையில் வைத்திருக்கும் வெள்ளைக் கோழிப் படம்.

"நூத்தி எண்பத்தாறு பக்கமும் இருக்குதுங்க." இதை என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள்.

முதல் வேலையாக இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தாள். அதன் பிறகு, பாதியில் நின்றதை முடித்து வைக்கும் கட்டளையை ரஞ்சனி சொல்லச் சொல்ல அடித்தாள். அது ஓடி முடியும்வரை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஆன் செய்தாள். தானாகவே எழுந்தது.

சாப்பிடும்போதுதான் என்னிடம் பேசினாள்.

"உங்களையும் பிலாஸ்பூர்ல எறக்கி உட்டுருக்கோணும்."

"செருப்பாச்சும் குடுப்பியா?"

"யோசிக்கறனுங்க." ஒரு பென் டிரைவை என் பக்கம் தள்ளினாள். "பத்தரமா வைங்க. பொட்டு வெச்சுப் போடாதீங்க."

21 அக்டோபர், திங்கள்

கொடுத்துவிட்டாள். மூன்று மணிக்குப் போன் வந்தது. நாமக்கல் ஜில்லாவின் அத்தனை கோழிகளும் ஒரே நேரத்தில் கொக்கரித்தன. எனக்குக் கேட்டது.

1 அக்டோபர் 2025, புதன்

ஆயுத பூஜை. பிரியா பண்ணையிலிருந்து நேராக வந்தாள். வந்ததும் லேப்டாப்பைத் திறந்து எதையோ ஓடவிட்டு வடைக்கு ஆட்டப் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்பானர், சம்மட்டி, பிட், வெல்டிங் மெஷின் எல்லாம் பொட்டோடு தயார். நடுவில் மட்டும் ஓர் இடம் காலி.

"நல்ல நேரம் போவுதுடா, எடுத்து வையேன்" என்றாள் அக்கா.

"அறுவத்தெட்டு சதவீதம்தான் ஆயிருக்குதுக்கா."

தேங்காயைக் கையில் பிடித்தபடியே நின்றேன். ஏழு மணி தாண்டியது. ஏழு இருபதுக்குத் தானாக அணைந்தது. மூடினேன், மூடியின் மேல் ஒரே ஒரு பொட்டு வைத்தேன், பிறகு தேங்காயை உடைத்தேன்.