லுவாவுக்கு முன்னால் ஒரு மைனஸ்

2025 ஜூன் 3, செவ்வாய்

புது லேப்டாப்பில் நிரல் எழுதும் எடிட்டரைக் கம்பைல் பண்ணினேன். பிழையே இல்லாமல் முடிந்தது. திறந்து பதிப்பு விவரம் பார்த்தால் லுவா என்ற நிரல்மொழிக்கு முன்னால் மைனஸ். அதாவது லுவாவில் எழுதிய எந்த ஸ்கிரிப்டும் ஓடாது. எனக்குக் கவலையில்லை, நான் இந்த எடிட்டரைத் தொடுவதே இல்லை. வேண்டியது அண்ணிக்கு.

எழுதியே வைக்கிறேன். மணி அண்ணன் போய் எட்டு மாதம். சங்ககிரி பைபாஸ், லாரி. எடிட்டரை மூடும்போது கீழே ஒரு வரி வருகிற மாதிரி லுவாவில் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான்: "வாரேன் சாமி." அண்ணி தினமும் சாயங்காலம் அவனுடைய பழைய லேப்டாப்பில் எடிட்டரைத் திறக்கிறார். ஒன்றும் தட்டுவதில்லை. மூடுகிறார். அந்த வரியைப் பார்க்கிறார்.

ஒரு வரி ஸ்கிரிப்ட். அவ்வளவுதான். ஆனா அந்த நேரத்துல நான் அந்தப் பக்கம் போறதில்ல.

ஜூன் 4

பதினாறாம் தேதி அண்ணி கோயம்புத்தூரில் வேலைக்குச் சேரணும். பழைய லேப்டாப்பை நகர்த்த முடியாது. பேட்டரி செத்துவிட்டது, கீல் விட்டுவிட்டது, தொட்டால் திரை அணைகிறது. "அத உட்டுட்டு நான் போகலீங்க அத்தை" என்கிறார்.

அம்மா என்னிடம்: "படிச்சவன்தானடா, அத இதுக்குள்ள மாத்திக் குடு."

மாத்திக் குடுக்க அதென்ன கொழம்பா?

நானே அந்த வரியை எழுதிடறேன் என்றேன். அண்ணி சொன்னார்: "அது நீ சொல்றது, தமிழு."

ஜூன் 6

கம்பைல் பண்ணத் தேவையான லுவாவின் ஹெட்டர் கோப்புகள் இல்லாததுதான் காரணம். போட்டேன். பிளஸ் வந்தது, லுவா 5.4. அண்ணன் ஸ்கிரிப்டை வைத்தேன். பதிப்பு பொருந்தவில்லை என்கிறது.

மூல நிரலை விட்டுவைக்கவில்லை, மடையன். லுவா 5.1-க்குக் கம்பைல் பண்ணிய, கண்ணால் படிக்க முடியாத கோப்பு மட்டும். "நீ நோண்டுவடா, அதான் மூடி வெச்சேன்" என்று ஒருமுறை சிரித்தான். உள்ளே இருக்கிற வரிகளைப் பிடுங்கிப் பார்க்க வழி உண்டு. பார்க்கவில்லை. பயம்னு எழுத மாட்டேன்.

ஜூன் 8

5.1 போட்டாச்சு. எடிட்டரைத் திரும்பக் கம்பைல் பண்ணினாலும் 5.4-ஐத்தான் பிடிக்கிறது. திரும்ப. திரும்ப.

மத்தியானம் அண்ணன் அறையில் நாற்காலி இழுபடும் சத்தம். ஓடினேன். அண்ணி பெருக்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் 9

கண்டுபிடித்தேன். கம்பைல் பண்ணும்போது எந்த லுவா பதிப்பு என்று முதல் தடவை கிடைத்த பதிலை அது ஒரு கோப்பில் சேமித்துவிடுகிறது. அப்புறம் எதை மாற்றினாலும் தேடிப் பார்ப்பதில்லை. பழைய பதிலையே படிக்கிறது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் பண்ணினேன். பிளஸ். 5.1.

அண்ணன் ஸ்கிரிப்டை வைத்து எடிட்டரை மூடினேன். கீழே வரி வந்தது:

"போயிட்டு வாடா தமிழு. எம்பட எடிட்டர்ல உனக்கென்ன வேலை?"

எந்திரிச்சு வாசலுக்கு வந்துட்டேன்.

அப்புறம் புத்தி வந்தது. லேப்டாப்பில் யார் பெயரில் நுழைகிறோமோ அவரிடம் பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறான். நான் என் பெயரில் நுழைந்தேன். பழைய லேப்டாப்பில் இருப்பது அவன் பெயர் மட்டும். அங்கே கிளம்புகிறவன் அவன். அதனால் "வாரேன்."

எட்டு மாசமா அண்ணி அவன் கிளம்புறதையே பாத்துட்டு இருந்திருக்காங்க. தினமும்.

ஜூன் 10

புது லேப்டாப்பில் நுழைய அண்ணிக்குத் தனிக் கணக்கு தொடங்கினேன். முழுப்பெயர் சத்யபிரியா, அண்ணன் கூப்பிடுவது பிரியா. அதையே வைத்தேன். எடிட்டரை மூடிச் சோதிக்கவில்லை. அது எனக்கில்லை.

ஒண்ணும் வரலைன்னா?

ஜூன் 11

அண்ணி திறந்தார். மூடினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மெதுவாகப் படித்தார்:

"போயிட்டு வா பிரியா. சார்ஜர எடுத்துக்க."

"நான் எங்க போனாலும் இதயேதான் சொல்லுவாரு. திமிரப் பாரு" என்றார். சிரித்தார். அழுதார்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணி பஸ் ஏறிட்டாங்க. வாசலில் அம்மாவிடம், "வாரேனுங்க அத்தை." அம்மா: "போயிட்டு வா சாமி."

சாயங்காலம் பழைய லேப்டாப்பை யாரும் திறக்கல. பக்கத்துல புதுசோட சார்ஜர் கிடக்குது. மறந்துட்டாங்க.